ஹேண்ட் பிரேக் போடக் கூடாது

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. ஆனால் அந்தக் குடியிருப்பில் அவர் முதுகு கொடுத்துத் தள்ளாத கார் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் அவரைத் தள்ளு மாமா என்று கூப்பிட்டார்கள். பெரியவர்கள் கொஞ்சம் நாகரிகமாகத் தள்ளு சார் என்றார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அத்தானுக்கோ அதில் ஒரு பெருமை.

அவர் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். ஃபிரேமில் கண்ணாடியைப் பொருத்துவது, தளர்ந்த திருகை முடுக்குவது, காதை அறுக்கிற காம்பைச் சூடு காட்டி வளைப்பது. எவனாவது தன் கண்ணாடிமேல் தானே உட்கார்ந்து நசுக்கிக்கொண்டு வந்து இவரிடம் எரிந்து விழுவான். இவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதை நிமிர்த்திக் கொடுப்பார். அக்காவைக் கட்டிக்கொண்ட புதிதில், சோதித்துப் பார்க்கவே நான் அவரை ஒரே சாயங்காலத்தில் திரும்பத் திரும்பக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன். ஒருமுறைகூட முகம் சுளிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு நீ பிழைச்ச மாதிரிதான் என்று அக்காவிடம் சொன்னேன். நான் மட்டுமா, ஊரே இவரை வச்சுப் பிழைக்கும் பாரு என்றாள் அவள்.

அந்தக் கட்டடம் எழும்பிய காலத்தில் அங்கே கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கட்டடத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே கொஞ்சம் வெற்றிடம் விட்டிருந்தார்கள். பிறகு ஒருவர் வாங்கினார். அதைப் பார்த்து வயிறெரிந்து இன்னொருவர் வாங்கினார். அப்புறம் மனைவிக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று என்று வாங்க ஆரம்பித்தார்கள். இடம் மட்டும் இருந்தபடியே இருந்தது. வண்டிகள் ஒன்றின் வாலில் ஒன்றாக, குறுக்கிலும் நெடுக்கிலும் அடைந்து கிடந்தன. உள்ளே நிற்பது வெளியே போக வேண்டுமானால் முன்னால் நிற்பதெல்லாம் நகர வேண்டும்.

அதற்கு அவர்கள் ஒரு சட்டம் கண்டுபிடித்தார்கள். வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது நியூட்ரலில் விட வேண்டும். சக்கரம் நேராக இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. அப்படி விட்டால் சாவி இல்லாமலே யார் வேண்டுமானாலும் கையால் தள்ளி நகர்த்திக்கொள்ளலாம். மாடிப்படிச் சுவரில் பெயிண்டால் இதை எழுதியும் வைத்தார்கள். மறந்துபோய் பிரேக் போட்டுவிட்டு மாடியேறியவனை மொத்தக் கட்டடமும் ஜன்னலைத் திறந்து திட்டித் தீர்க்கும். மற்ற இடங்களில் பிரேக் போடாதவனைத்தான் திட்டுவார்கள். இங்கே போட்டவன் குற்றவாளி.

யார் வேண்டுமானாலும் என்று எழுதியிருந்தார்களே தவிர, தள்ளியது அத்தான்தான். அவருக்கு அதில் ஒரு காரணம் இருந்தது.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு இழுத்துக்கொண்டது. கை ஓரளவு திரும்பியது. காலை மீட்கத்தான் ரொம்ப நாள் ஆயிற்று. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து வாசலுக்கு என்று அவள் நடை ஊர்ந்தது. கடைசியில் சுற்றுச்சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்து, நடைபாதையோடு போய், முனையிலிருக்கும் ரொட்டிக்கடையில் அவளே வாங்கிக்கொண்டு அவளே திரும்பி வருகிற அளவுக்கு வந்துவிட்டாள். கூட யாரும் வரக் கூடாது. நான் ஒருநாள் பின்னாலேயே போனதற்கு என்னைத் தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டினாள். அந்த ரொட்டியை மேஜைமேல் வைக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். ராஜ்ஜியத்தைப் பிடித்துவிட்டு வந்தவள் மாதிரி இருப்பாள்.

அவள் பிடித்து நடக்கிற சுவரோரம் காலியாக இருக்க வேண்டும் என்றுதான் அத்தான் காலையில் எல்லோருக்கும் முன்பாகக் கீழே இறங்கி, சுவரை ஒட்டி நிற்கிற வண்டிகளைத் தள்ளி வைப்பார். அதைப் பார்த்துவிட்டு ஒருவன், அப்படியே என் வண்டியையும் கொஞ்சம் என்றான். அடுத்தவள் பால்கனியிலிருந்தே விரலால் காட்டினாள். கொஞ்ச நாளில் அது அவருடைய வேலையாகிவிட்டது. வண்டிக்கு உடையவர்கள் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்று பார்ப்பார்கள். இவர் வேர்த்து விறுவிறுத்துத் தள்ளுவார். நன்றிகூடச் சொல்ல மாட்டார்கள், கொஞ்சம் இடது பக்கம் என்பார்கள்.

இந்த லட்சணத்தில்தான் கட்டடத்தை இடித்துக் கட்டுவது என்று பேச்சு வந்தது. பில்டர் ஒருவர் வந்தார். பழையதை இடித்துவிட்டு உயரமாகக் கட்டித் தருவார், பழைய ஆட்களுக்குப் பெரிய வீடு, மேலே எழும்புகிற மற்ற வீடுகளை அவர் விற்றுக்கொள்வார். கேட்டதும் எல்லோருக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. சங்கத்தின் செயலாளர் வீட்டுக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். அக்காவுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். செயலாளர் இரண்டு கார் வைத்திருப்பவர். பேசும்போது நம்ம குடும்பம், நம்ம குடும்பம் என்று நொடிக்கொருதரம் சொல்வார். அந்தக் குடும்பத்தில் அத்தான்தான் வண்டி தள்ளுகிறவர்.

பில்டர் வரைபடத்தை விரித்து வைத்து ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். வீடுகள் கூடுகின்றன, அத்தனை வண்டிக்கு இடம் வேண்டுமானால் கீழே இன்னொரு தளம் தோண்ட வேண்டும். அந்தச் செலவைச் செய்தால், தருவதாகச் சொன்ன கூடுதல் அறையைத் தர முடியாது. வண்டிக்கு இடமா, வீட்டுக்கு அறையா, நீங்களே சொல்லுங்கள் என்றார். பில்டரைக்கூட நான் மன்னித்துவிடுவேன், அவர் வியாபாரி. கையைத் தூக்கினவர்களை எப்படி மன்னிப்பது? அவர் கேள்வியை முடிப்பதற்குள் கூடத்திலிருந்த கைகளெல்லாம் அறைக்காக மேலே போய்விட்டன. வீட்டில் இரண்டு கார் வைத்திருக்கிறவனும் தூக்கினான். அப்புறம் நிறுத்த எங்கே போவீர்கள் என்று நான் கேட்டதற்கு, அதெல்லாம் நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம் என்று ஒரு பெண்மணி சிரித்தாள். அவள் மூன்றாம் மாடியிலிருந்து விரல் காட்டுகிறவள்.

அக்கா வரைபடத்தைக் கிட்டப் பார்த்தாள். மழைத் தண்ணீர் ஏறாமலிருக்க வண்டித் தளத்தைத் தெருவைவிட உயர்த்தியிருந்தார்கள். அங்கிருந்து தெருவுக்கு ஒரு சரிவு. அது நீளமாக இருந்திருந்தால் சாய்வு மட்டுப்பட்டிருக்கும். நீளம் விட்டால் விற்கிற வீட்டில் ஒன்று குறையும். ஆகையால் குட்டையாக, செங்குத்தாக, நடைபாதையை வெட்டிக்கொண்டு நேரே தெருவில் போய் விழுந்தது. பழைய சுவரோரம் எங்கேயும் இல்லை. அக்கா விரலை வைத்து, வார்த்தைகளை இழுத்து இழுத்துக் கேட்டாள்.

“நான் எந்தப் பக்கமா நடந்து போறது?”

செயலாளர், அதுதான் லிஃப்ட் இருக்கே அக்கா என்றார். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். லிஃப்ட் ரொட்டிக்கடைக்கா போகும் என்று நான் கேட்டேன். அதற்கும் சிரித்தார்கள்.

அனுமதி அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. எதிர்வரிசை வீட்டுக்காரர்கள் ஆட்சேபம் எழுதிப் போட்டிருந்தார்கள். தெரு குறுகலானது, பள்ளிக்கூட வேன் வருகிற நேரத்தில் கார்கள் பின்பக்கமாகத் தெருவில் இறங்கினால் என்ன ஆகும், இடமில்லாத வண்டிகள் எங்கள் வாசலில்தானே நிற்கும் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலை. அதை நேரில் பார்க்க நகரத் திட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வருவதாக இருந்தது.

செயலாளர் அப்போதுதான் அத்தானைத் தேடி வந்தார். கூடவே பில்டரும். அதிகாரி வரும்போது நம்ம ஆளு தள்ளிக் காட்டினால் போதும், இத்தனூண்டு இடத்தில் இத்தனை வண்டியை நாம எப்படிச் சமாளிக்கிறோம் என்று அவர்களே புரிந்துகொள்வார்கள் என்றார்கள். அத்தான் தயங்கினார். தயங்கியதைப் பார்த்ததும் பில்டர் தூண்டிலைப் போட்டார். சரிவுக்குப் பக்கத்திலேயே உங்க வீட்டம்மாவுக்காகத் தனியா ஒரு நடைவழி, தெரு வரைக்கும் பிடித்துக்கொண்டு போக இரும்புக் கைப்பிடி, நான் போட்டுத் தருகிறேன். வரைபடத்திலேயே பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். அத்தானுக்கு அந்தக் கோட்டைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டதாம். பிற்பாடு அவரே சொன்னார்.

அக்கா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அன்றைக்கு லீவு போடாதீங்க, கடைக்குப் போயிடுங்க என்றாள். அவர் லீவு போட்டார்.

அதிகாரி வந்தபோது நானும் இருந்தேன். தெருவையும் வாசலையும் ஒழுங்காகவே பார்த்தார், மிச்ச வண்டியெல்லாம் ரோட்டுக்குத்தானே வரும் என்று சரியாகவே கேட்டார். அப்புறம் அத்தான் காட்டத் தொடங்கினார். ஒரு வண்டியை முன்னால் உருட்டி, இன்னொன்றைப் பின்னால் ஒதுக்கி, நடுவில் சிக்கியிருந்ததை வெளியே விட்டு, திரும்ப எல்லாவற்றையும் பூட்டின மாதிரி அடுக்கி வைத்தார். ஒரு கண்ணாடியில்கூடக் கீறல் இல்லை. குடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டார். இவங்க எல்லாரும் இப்படி ஒத்துழைச்சா பிரச்சனையே இல்லையே என்றார். குடியிருப்பவர்கள் தங்களுக்குள் ஏற்பாடு செய்துகொள்வார்கள் என்று எழுதி, குறைவான வண்டி இடத்தோடு கட்டவே அனுமதி கிடைத்தது. ஒத்துழைத்ததெல்லாம் ஒரே ஆளின் முதுகு என்று அந்த அம்மாவுக்குத் தோன்றவே இல்லை. படித்த பெண், கண் இருந்தது, கைதட்டலில் காது அடைத்துவிட்டது. அத்தான் அன்று முழுக்கப் பூரித்துப்போய்த் திரிந்தார்.

இடித்தார்கள், கட்டினார்கள். அக்காவும் அத்தானும் எங்கேயோ ஒரு வாடகை வீட்டின் இருட்டறையில் காலம் தள்ளிவிட்டுத் திரும்பினார்கள். பில்டர் பேச்சு மாறவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். சரிவின் ஓரத்தில் நடைவழி இருந்தது. இரும்புக் கைப்பிடி இருந்தது. அக்கா முதல் நாளே அதைப் பிடித்துக்கொண்டு இறங்கி ரொட்டிக்கடைக்குப் போய் வந்தாள். அத்தான் மேலேயிருந்து பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு காலைப்பொழுது அவர்கள் இருவருக்கும் கிடைத்தது என்பதை நான் மறுக்கவில்லை.

வீடு கூடினால் வண்டியும் கூடத்தானே செய்யும். மேல் மாடிகளுக்குப் புது ஆட்கள் வந்தார்கள், வரும்போதே காரோடு வந்தார்கள். வண்டித் தளம் முதல் மாதமே திணறியது. பழைய சட்டத்தைப் புதுச் சுவரில் அழகான பலகையாக அடித்து மாட்டினார்கள். ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் சரிவின் தலைப்பில் நிறுத்தினார்கள். அங்கே தரை தெருவைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. பிரேக் போடாமல் விட்டால் உருளும் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். அதற்கு இந்த அறிவாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை வைத்தார்கள். கட்டட வேலையில் மிச்சமான செங்கல். பிரேக் போட்டுவிட்டால் தள்ள முடியாதாம், கல் என்றால் எடுத்துவிட்டுத் தள்ளலாமாம். கார் செய்கிறவன் மெனக்கெட்டு ஒரு பிரேக்கை வைத்துக் கொடுத்தால், இவர்கள் அதைத் தொடாமல் செங்கல்லை நம்பினார்கள். கல்லை வைப்பதும் எடுப்பதும் யார் பொறுப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது அந்தக் கைப்பிடி. சரிவில் ஏறி இறங்குகிற கார்களின் பக்கக் கண்ணாடி அதில் உரசுகிறது என்று புகார் வந்தது. ஒரு பக்கச் சக்கரத்தை நடைவழிமேல் ஏற்றி நிறுத்தினால் ஒரு வண்டிக்கு இடம் கிடைக்கும் என்று இன்னொரு யோசனையும் வந்தது. சங்கத்தில் பேசி முடித்தார்கள். அக்காவை யாரும் கேட்கவில்லை. வெல்டிங் கடைக்காரர் வந்து கைப்பிடியை அறுத்தார். அறுக்கும்போது கம்பி விழுந்து தரையை உடைத்துவிடக் கூடாது என்று மறுமுனையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. செயலாளர் அத்தானைக் கூப்பிட்டார். அத்தான் போய்ப் பிடித்துக்கொண்டார்.

இதை நான் கேள்விப்பட்டபோது நம்பவில்லை. நேரே போய்க் கேட்டேன். ஆமாம் என்று தலையைக் குனிந்துகொண்டார். அவங்க எப்படியும் அறுக்கத்தான் போறாங்க, நான் பிடிக்கலன்னா வேற யாராவது பிடிச்சிருப்பாங்க என்றார். எனக்கு வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவ்வளவு நாளும் அவர்மேல் எனக்கு இருந்தது பரிதாபம். அன்றைக்குத்தான் முதல்தடவையாக அருவருப்பு வந்தது. நல்லவன் என்கிற பெயருக்காகப் பெண்டாட்டி பிடித்து நடக்கிற கம்பியைத் தன் கையாலேயே பிடித்துக் கொடுத்த மனுஷனை வேறு எப்படிப் பார்ப்பது?

அக்கா கத்தவில்லை. அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு எடுத்து வைப்பாள், துணியை மடித்து வைப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். முன்பெல்லாம் அவர் கீழே போய் வழியைச் சரிசெய்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் கிளம்புவாள். இப்போது அவர் குளிக்கிற நேரம் பார்த்துத் தனியாக இறங்கிவிடுவாள். கம்பி இருந்த பக்கத்தில் காம்பவுண்டுச் சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, நிற்கிற கார்களுக்கு நடுவில் பக்கவாட்டில் நுழைந்து, சரிவில் இறங்கித் தெருவுக்குப் போவாள். வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். நடக்கறதையும் விட்டுட்டா என்கிட்ட வேற என்ன இருக்கு என்றாள்.

அன்று காலை நான் அவளைப் பார்க்க வந்துகொண்டிருந்தேன். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று வண்டிகள் போகட்டும் என்று காத்திருந்தேன். அக்கா சரிவின் அடியில், கேட் தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். இரு, நான் வர்றேன் என்பது போல இடது கையைத் தூக்கினாள். மேலே செயலாளரின் கார், பின்பக்கம் தெருவைப் பார்த்தபடி சரிவின் தலைப்பில் நின்றது. அதன் பின்னால் அத்தான் குனிவது தெரிந்தது.

அவர் அவள் இன்னும் மேலே, வீட்டில் இருக்கிறாள் என்று நினைத்திருக்கிறார். தான் குளித்துவிட்டு வெளியே வருவதற்கு முன்பே அவள் போய்விட்டதை அவர் கவனிக்கவில்லை. அவள் வருவதற்குள் வழி விட வேண்டும் என்று அவசர அவசரமாக இறங்கி, எப்போதும்போல அந்தக் காரை உள்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வைக்கக் கல்லை எடுத்தார். எப்போதும் உள்ளே கொஞ்சம் இடம் இருக்கும். அன்றைக்கு யாருடைய விருந்தாளியோ அந்த இடத்தையும் அடைத்து நிறுத்தியிருந்தார். அவர் தள்ளிய கார் முன்னால் நின்ற வண்டியில் இடித்து, பின்னால் உருளத் தொடங்கியது. அத்தான் முதுகைக் கொடுத்தார். சமதரையில் அத்தனை வருஷம் கொடுத்த முதுகு. சரிவில் அது என்ன செய்யும்? செருப்பு வழுக்க வழுக்க அவரைத் தள்ளிக்கொண்டே வந்தது. அப்புறம் அவர் பக்கவாட்டில் விழுந்தார்.

நான் கத்தினேன். அக்கா திரும்பிப் பார்த்தாள். வேறு யாராக இருந்தாலும் ஓர் எட்டில் ஒதுங்கியிருப்பார்கள். அவள் நல்ல காலை ஊன்றி, மற்றதை இழுத்துக்கொண்டுதான் நகர முடியும். ஊன்றினாள். அந்த ஊன்றின காலைத்தான் காரின் பின்மூலை தூணோடு சேர்த்து நசுக்கியது. பிறகு கார் தெருவைக் குறுக்கே கடந்து வந்து, நான் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்த ஒரு சரக்கு வேனில் மோதி நின்றது. பள்ளிக்கூட வேன் அப்போதுதான் தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தது.

ஜன்னல்களெல்லாம் திறந்தன. பத்துப் பேர் ஓடி வந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் செயலாளர் இறங்கி வந்து முதலில் போன இடம் அக்கா அல்ல. தெருவைக் கடந்து போய்த் தன் காரின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். நான் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தேன். சாகிற வரைக்கும் அந்தக் கை எனக்கு மறக்காது.

மருத்துவமனையில் அறுவை செய்து எலும்பில் கம்பி வைத்தார்கள். முழங்கால் மூட்டு மிஞ்சவில்லை என்று டாக்டர் சொன்னார். ஒரு கால் ஏற்கெனவே பலமில்லாதது, இதுவும் இப்படி என்றால் இனி சக்கர நாற்காலிதான் என்றார். அக்கா கேட்டுக்கொண்டாள். அழவில்லை. அத்தான் சுவரோரம் நின்று, டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அதற்குமா ஆட்டுவார்கள்?

போலீஸ்காரர் வாக்குமூலம் வாங்க வருவதற்குக் கொஞ்சம் முன்னால் செயலாளர் ஒரு பை நிறையப் பழத்தோடு வந்தார். கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வேன்காரன் நம்ம தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறான், இன்ஷூரன்ஸ்காரர்கள் குடைகிறார்கள் என்று தன் கஷ்டங்களைச் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, அத்தானிடம் விஷயத்துக்கு வந்தார்.

“பிரேக் ஃபெயிலாகி வண்டி தானா உருண்டுடுச்சுன்னு சொல்லிடலாம் சார். அக்காவுக்கு ஏற்கெனவே கால் சரியில்ல, பதட்டத்துல தடுமாறி விழுந்துட்டாங்க. உங்களுக்கும் இதுதான் நல்லது. கல்லை எடுத்தது நீங்கதானே.”

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தக் கைப்பிடியை அடுத்த வாரமே திரும்ப வைத்துவிடலாம், சங்கச் செலவிலேயே, பழையதைவிட உறுதியாக என்றார். அதே தூண்டில், அதே புழு. நான் அத்தானின் முகத்தைப் பார்த்தேன். என்ன நினைக்கிறார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு அங்கேயே அவரை உலுக்க வேண்டும் போலிருந்தது.

போலீஸ்காரர் வந்தார். வயதானவர், நின்றபடியே எழுதத் தொடங்கினார். என்ன நடந்தது என்று அக்காவிடம் கேட்டார். செயலாளர் முந்திக்கொண்டு, அவங்களுக்குப் பேச்சு சரியா வராது சார் என்றார். அக்கா கையைத் தூக்கி அவரை நிறுத்தினாள். ஒவ்வொரு வார்த்தையாக, எழுதுகிறவர் பின்தொடர வசதியாக, மெதுவாகச் சொன்னாள்.

“கல்லை எடுத்தது என் வீட்டுக்காரர். எழுதிக்குங்க. பிரேக் எதுவும் கெட்டுப்போகல. யாரும் போடவே இல்ல. போடக் கூடாதுன்னு அங்க பலகை வச்சிருக்காங்க. போய்ப் பாத்துட்டு அதையும் எழுதிக்குங்க.”

போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு அத்தானைப் பார்த்தார். இப்படி எழுதினா கேஸ் முதல்ல உங்க மேலதான் வரும், தெரியுமில்ல என்று கேட்டார். பயமுறுத்துகிற குரலில் இல்லை, தெரிந்துகொண்டு சொல்லட்டும் என்கிற குரலில். செயலாளர் தொண்டையைச் செருமினார். கைப்பிடி, சார், கைப்பிடி என்று மெல்ல ஞாபகப்படுத்தினார்.

அத்தான் சுவரை விட்டு நகர்ந்து கட்டில் பக்கம் வந்தார்.

“நான்தான் எடுத்தேன் சார். அங்க அத்தனை வண்டிக்கு இடமே இல்ல. எப்பவுமே இருந்ததில்ல. நான் தள்ளித் தள்ளி விட்டதால இருக்குன்னு எல்லாரும் நம்பிட்டாங்க. அனுமதி குடுக்க வந்த அம்மாவையும் நான்தான் நம்ப வச்சேன். அதையும் சேர்த்து எழுதுங்க.”

அப்புறம் செயலாளர் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. கடையில் ஒருவரிடம் இந்த ஃபிரேம் உங்களுக்குச் சரிவராது என்று சொல்வாரே, அதே குரல்தான்.

“கைப்பிடி வேணாம் சார். அதைப் பிடிச்சு நடக்க ஒரு காலாவது வேணும். அந்தக் காலையும் நசுக்கியாச்சு.”